கைவினை இலச்சினையில் கையெழுத்துப் பாங்கு: ‘ஸ்கெலட்டன்’ என்னும் இடப்பெயரை முன்வைத்து

1. முன்னுரை

தமிழ் வரிவடிவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சு என்னும் மூன்று களங்களைச் சார்ந்தே அமைந்துள்ளன. கடையின் பெயர்ப்பலகை, துணியில் தைக்கும் பெயர்ப்பட்டை, பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டு, ரப்பர் முத்திரை ஆகியவற்றில் வழங்கும் எழுத்து ஆய்வாளரின் கவனத்தை அந்த அளவிற்குப் பெறவில்லை. மக்கள் அன்றாடம் மிகுதியாகக் காணும் தமிழெழுத்து இவற்றிலேயே உள்ளது. சிறு கைவினைத் தொழில் செய்வோர் தம் பொருளுக்கென ஓர் இலச்சினையை அமைத்துக்கொள்ளும்போது அதனைக் கையெழுத்துப் பாங்கில் அமைக்க விரும்புவது இன்று பரவலாகக் காணப்படும் போக்காகும். ‘இது கையால் செய்யப்பட்டது’ என்னும் செய்தியை எழுத்தின் தோற்றமே சொல்லிவிட வேண்டும் என்பது அவ்விருப்பத்தின் அடிப்படை.

அச்செய்தி மெய்யாவதற்கு வரிவடிவம் எத்தகைய தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வை ஒரு சொல்லின் மீது குவித்தல் பயன் தரும் என்பதால், கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலின் இடப்பெயர்களுள் ஒன்றான ‘ஸ்கெலட்டன்’ எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அப்பகுதியில் வீட்டிலிருந்தபடியே பூத்தையல் வேலை செய்து விற்கும் பெண்கள் சிலர் தம் ஊர்ப்பெயரையே இலச்சினையில் எழுத விழைவதாக வைத்துக்கொண்டு, அவ்விலச்சினைக்குரிய எழுத்து எவ்வாறு அமைதல் தகும் என்பது இங்குப் பகுத்துக் காணப்படும்.

2. எழுதிய எழுத்து, வரைந்த எழுத்து, எழுத்துரு

‘கையெழுத்துப் பாங்கு’ என்னும் தொடர் பொதுவழக்கில் மூன்று வேறுபட்ட பொருள்களைச் சுட்டுகிறது. அவற்றைப் பிரித்தறியாமையே இத்துறையில் நிகழும் குழப்பங்கள் பலவற்றிற்குக் காரணம்.

முதலாவது, எழுதிய எழுத்து. ஒருவர் தம் இயல்பான வேகத்தில் பேனாவாலோ தூரிகையாலோ எழுதியது. அதில் கையின் பழக்கம், தயக்கம், அழுத்தம் யாவும் பதிந்திருக்கும். இரண்டாவது, வரைந்த எழுத்து. இதில் ஓவியர் ஒவ்வொரு கோட்டையும் எண்ணிப் பார்த்துத் திருத்தி அமைக்கிறார். கையின் தன்மை இருப்பினும் வேகம் இராது. மூன்றாவது, கையெழுத்தைப் போன்று தோன்றும் எழுத்துரு. இது ஒருமுறை வடிக்கப்பட்டு எண்ணற்ற முறை பயன்படுத்தப்படுவது. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’ இவ்வகைக்கு நல்ல சான்று. கையெழுத்தின் சாய்வையும் ஓட்டத்தையும் தமிழ் எழுத்துருவிற்குள் கொணர்ந்த முயற்சி என்ற வகையில் அது பாராட்டிற்குரியது. கட்டணமின்றி எவரும் பெறத்தக்கதாக இருப்பது அதன் சிறப்பு. அச்சிறப்பே, ஒரு தொழிலின் தனி அடையாளமாக அதனை அப்படியே கையாளுவதற்குத் தடையாகவும் அமைகிறது.

எழுதிய எழுத்திற்கும் எழுத்துருவிற்கும் உள்ள வேறுபாட்டைக் காண ‘ஸ்கெலட்டன்’ என்னும் சொல்லே ஓர் உரைகல்லாகும். இச்சொல்லில் டகரம் இருமுறை அடுத்தடுத்து வருகிறது. மாற்று வடிவங்கள் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, எழுத்துருவில் இரண்டும் ஒரே அச்சாக நிற்கும். முதலாவதன் மேல் புள்ளி இருப்பதொன்றே வேறுபாடு. கையால் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றுபோல் எழுதுவதில்லை. முதல் டகரத்தின் கிடைக்கோடு அடுத்த எழுத்திற்கு இடம்விட்டுக் குறுகும். இரண்டாவது சற்றே நீளும். இரட்டித்த மெய்யைக் காணும் வாசகரின் கண், தான் காண்பது கையின் வேலையா பொறியின் வேலையா என்பதை, காரணம் சொல்லத் தெரியாவிடினும், உணர்ந்துகொள்கிறது. தமிழில் மெய் இரட்டித்தல் மிகுதி. ஆதலின், இந்த உரைகல் பெரும்பாலான தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்தும்.

3. தங்கவயலில் கையின் அடையாளம்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் சுரங்கத்தொழில் விரிவடைந்தது. வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்ற உழைக்கும் மக்களே அதன் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர். சாம்பியன் ரீஃப், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என ஆங்கிலவழிப் பெயர்களும், ஊரிகம், மாரிக்குப்பம் என நாட்டுவழிப் பெயர்களும் அங்கு அருகருகே வழங்குகின்றன. ஆங்கிலவழிப் பெயர்கள் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தமிழ் நாவில் பயின்று தமிழ் எழுத்தில் எழுதப்பட்டு, அங்குள்ளோருக்குத் தாய்மண்ணின் பெயர்களாகவே ஆகிவிட்டன.

அங்கு எழுத்துப் பண்பாடு வேரூன்றியிருந்தது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவர் 1914இல் மறைந்த பின், 1926இல் அது தங்கவயலிலிருந்து ஜி. அப்பாத்துரையார் முயற்சியால் மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர் ஒன்று தன் கருத்தைத் தானே அச்சிட்டு உலகிற்கு அறிவித்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

கையின் அடையாளம் என்பதற்கு அம்மண்ணில் மற்றொரு வரலாறும் உள்ளது. 1930ஆம் ஆண்டில் தொழிலாளரின் விரல் ரேகையைப் பதிவு செய்யும் முறை புகுத்தப்பட்டபோது அதனை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உழைக்கும் கையின் பதிவை மேலாண்மை தன் கண்காணிப்பிற்காகக் கேட்டது. அதனை ஓர் இழிவாகக் கருதி அக்கைகள் மறுத்தன. ரேகைப் பதிவில் கைக்குரியவரின் விருப்பத்திற்கு இடமில்லை. இலச்சினை அத்தகையதன்று. கைக்குரியவர் தாமே முன்வந்து, தம் பொருளுக்குத் தாமே பொறுப்பேற்று இடும் அடையாளம் அது. ஆகவே, தங்கவயலைச் சார்ந்த ஒரு கைவினைத் தொழில் கையெழுத்துப் பாங்கை நாடும்போது அது வெறும் அழகுபற்றிய தேர்வாக நின்றுவிடுவதில்லை. யாருடைய கை, யார் விருப்பத்தால், யாருக்காக இவ்வடையாளத்தை இட்டது என்னும் வினா அதனுள் உறைந்துள்ளது. பெருநகரத்து வடிவமைப்பாளர் ஒருவர் கணினியிலிருந்து எடுத்துத் தரும் ‘கையெழுத்து’ இவ்வினாவிற்கு விடையாகாது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ளோர் பலர் நாள்தோறும் இருப்புப்பாதை வழியே பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் நிலை ஏற்பட்டது. வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலுக்கு அங்குள்ள பொருளாதார முக்கியத்துவம் இதனால் விளங்கும். இலச்சினை அத்தகைய தொழிலுக்கு முதலீடின்றிக் கிடைக்கும் ஒரே விளம்பரம் எனினும் பொருந்தும்.

4. பெயரின் பொருளும் அயலார் நோக்கும்

‘ஸ்கெலட்டன்’ என்னும் ஒலி ஆங்கிலத்தில் எலும்புக்கூட்டைக் குறிப்பது. வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளரின் மனம் முதலில் பற்றுவது இப்பொருளையே. எழுத்தின் தண்டுகளை எலும்பு வடிவில் அமைத்தல், புள்ளியை மண்டையோடாக்குதல் போன்ற வேடிக்கைகள் எளிதில் தோன்றும். அவை கண்ணைக் கவரவும் கூடும். ஆயினும் அங்கு வாழ்வோர் அப்பெயரைச் சொல்லும்போது நினைப்பது எலும்பை அன்று. தெருவையும் வீட்டையும் அண்டை அயலாரையும் ஆகும். தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட அளவிலேயே அப்பெயர் ஆங்கிலப் பொருளை உதிர்த்துவிட்டு இடப்பெயராக மட்டும் நிற்கிறது. பொருளை மீண்டும் ஒட்டவைக்கும் இலச்சினை, வாங்குவோரை நகைக்கவைத்து, செய்வோரைக் காட்சிப்பொருளாக்கும்.

2018, 2022 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ கன்னடத் திரைப்படங்களின் வாயிலாகத் தங்கவயலின் பெயர் இந்தியா முழுவதும் பரவியது. புழுதி, இருள், வன்முறை ஆகியவற்றோடு இணைந்த ஒரு தோற்றம் அப்பெயரின் மேல் படிந்தது. கரடுமுரடான, தேய்ந்து சிதைந்த எழுத்து வடிவமே இவ்வூருக்கு ஏற்றது என்னும் எண்ணம் இதனால் வலுப்பெறக்கூடும். பூத்தையலுக்கும் அத்தோற்றத்திற்கும் உறவில்லை. ஊர்ப்பெயரின் மீது பிறர் ஏற்றிய தோற்றத்தையா, அவ்வூரார் செய்யும் தொழிலின் தன்மையையா எழுத்து பின்பற்ற வேண்டும் என்னும் கேள்விக்குப் பின்னதே விடை.

பெயரின் எழுத்துக்கூட்டலிலும் ஒரு சிக்கல் உண்டு. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுதல் தொல்காப்பியம் கூறும் நெறி. அந்நெறிப்படி இப்பெயரை ‘இசுகெலட்டன்’ என எழுத இடமுண்டு. பாடநூலுக்கும் கலைக்களஞ்சியத்திற்கும் அது ஏற்புடையதாகலாம். இலச்சினை என்பது கையொப்பத்தை ஒத்தது. கையொப்பத்தில் ஒருவர் தம் பெயரைத் தாம் எழுதும் முறையே செல்லுபடியாகும். ஊரார் ஸகர ஒற்றோடு எழுதிப் பழகியிருப்பின் இலச்சினையும் அதனையே கொள்ளுதல் முறை.

5. வரிவடிவப் பகுப்பு

‘ஸ்கெலட்டன்’ எழுத்தெண்ணிக்கையில் 6. எழுதும் வடிவங்களின் எண்ணிக்கையில் 7. ஒற்றைக்கொம்பு தனி வடிவமாக ககரத்தின் முன் நிற்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். புள்ளிகள் 3. இவற்றுள் ஒவ்வொன்றும் கையெழுத்துப் பாங்கில் எவ்விடத்தில் இடறுகிறது என்பதைக் காணலாம்.

ஒற்றைக்கொம்பு, சுழியில் தொடங்கிக் கீழிறங்கும் வடிவம். அழகுக்காக அதன் மேற்பகுதியை மற்றொரு சுழியாக வளைத்தால் அது இரட்டைக்கொம்பாக மயங்கி, ‘ஸ்கேலட்டன்’ என வாசிக்கப்படும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்க வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் மேற்கொண்ட சீர்திருத்தம், ஒரு சுழியின் அளவில் நிற்கும் நுட்பமானது. அலங்காரச் சுழி ஒன்று அதனைக் கெடுத்துவிடும்.

லகரம் வலப்புறத்தில் திறந்த வளைவாக மேலெழுந்து முடிவது. வலப்புறம் நேர்க்கோடாகி அடிக்கோடு அதனைத் தொட்டு மூடினால் வகரமாகிவிடும். னகரத்தில் ஒரு வளைவு மிகுந்தால் ணகரம். விரைந்து எழுதும் கையில் இவை மயங்குதல் இயல்பே. மடலில் சொற்றொடரின் சூழல் வாசகருக்குத் துணைசெய்யும். இலச்சினையில் சூழல் இல்லை. ஒரே சொல் தனித்து நிற்கிறது. அதுவும் அயலாருக்கு முன்பின் அறிமுகமற்ற இடப்பெயர். எனவே மடலில் பொறுத்துக்கொள்ளத்தக்க மயக்கம் இலச்சினையில் பிழையாகிறது.

மிகுந்த எச்சரிக்கைக்குரியது டகரம். மேலிருந்து கீழ் இறங்கும் ஒரு கோடும், அங்கிருந்து வலப்புறம் செல்லும் ஒரு கோடுமே அதன் உறுப்புகள். கிடைக்கோட்டின் இறுதி மேல்நோக்கி எழுந்தால் அது பகரத்தை நெருங்கும். எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து எழுத முற்படும் வடிவமைப்பாளர் ஒவ்வோர் எழுத்தின் இறுதியையும் அடுத்ததை நோக்கி உயர்த்துவது வழக்கம். அவ்வாறு உயர்த்தினால் இரண்டு டகரங்களும் பகரமாகி, ‘ஸ்கெலட்டன்’ ‘ஸ்கெலப்பன்’ ஆகிவிடும். ஊர்ப்பெயர் ஆட்பெயராக மாறிய வேடிக்கை இதனால் விளையும்.

புள்ளி அளவிற் சிறிதாயினும் பொறுப்பிற் பெரிது. ரப்பர் முத்திரையில் மை மிகுந்தாலும், பெயர்ப்பட்டையில் நூல் தடித்தாலும் முதலில் மறைவது புள்ளியே. வட்டமாக உள்ளே வெளிவிட்டு எழுதப்பட்ட புள்ளி சிறிய அளவில் அடைபடும். நிரம்பிய பொட்டாக இட்டது தப்பும். மூன்று புள்ளிகளும் ஒரே உயரத்தில் நின்றால் தலைக்கு மேல் ஒரு கோடு ஓடுவது போன்ற தோற்றம் உண்டாகும். கையால் எழுதுவோர் எழுத்தின் வடிவிற்கேற்பப் புள்ளியைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் இடுவர். அவ்வியல்பைக் காத்தலே தகும்.

6. அயல் மாதிரியும் தமிழ் முன்னோடியும்

எழுத்துகளைக் கோத்து எழுதும் விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. கையெழுத்துப் பாங்கிலான வணிகக் குறிகளுள் உலகறிந்தது கோக்க கோலாவினுடையது. அதனை 1886இல் அமைத்தவர் அந்நிறுவனத்தின் கணக்கர் பிராங்க் ராபின்சன். அக்கால அமெரிக்க அலுவலகங்களில் கணக்கேடும் மடலும் எழுதப் பயின்ற ‘ஸ்பென்சர்’ எழுத்துமுறையே அதன் அடிப்படை. ஆகவே ‘கைவினையின் எழுத்து’ எனப் பலர் இன்று கருதும் மாதிரி, உண்மையில் அலுவலக எழுத்தரின் கையெழுத்தே. கூர்முனை உலோகப் பேனா, சாய்ந்த கை, இடையறாத ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து ரோமன் எழுத்துகளைப் பிணைத்தன. தமிழ் எழுத்துகளுள் பல சுழியில் தொடங்கி வேறு திசையில் முடிபவை. ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை. ஒற்றைக்கொம்பும் புள்ளியும் கையைத் தூக்கியே தீரவேண்டிய இடங்கள். கோத்து எழுதும் தோற்றத்தைத் தமிழ்மேல் திணிப்பது, ஓட்டத்தைக் கூட்டுவதற்கு மாறாக வாசிப்பைத் தடுக்கிறது.

தமிழில் இதற்கு மாற்றான முன்னோடி உண்டு. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) நூல்களின் அட்டைகளுக்கும் இதழ்களின் தலைப்புகளுக்கும் எழுதிய எழுத்துகள், அச்சு வார்ப்பின் சீர்மையிலிருந்து தமிழ் எழுத்தை விடுவித்தன. நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிய அவருக்குக் கைவினை உலகோடு நேரடியான தொடர்பு இருந்தது. காந்தியடிகளைப் பற்றிய அவருடைய கோட்டோவியங்களில் காணும் கோடே அவர்தம் எழுத்திலும் இயங்குகிறது. எழுத்துகள் தனித்தனியே நிற்கின்றன. அவற்றிற்கு இடையிலுள்ள வெளியே அவற்றை இணைக்கிறது. மேற்கூறிய பாகுபாட்டின்படி அவை எழுதியவையல்ல, வரைந்தவை. ஆயினும் கையின் சான்று அவற்றில் குறையவில்லை. வேகமே கையின் ஒரே அடையாளம் அன்று என்பதற்கு அவை சான்று.

அவரைப் பின்பற்றிய எழுத்துகள் பலவற்றில் குறையொன்றும் காணப்படுகிறது. கோணத்தையும் முறிவையும் பாணியாக மேற்கொண்டு, அவற்றை ஈன்ற கோட்டின் ஓட்டத்தை விட்டுவிடுகின்றன. ஒருவருடைய கை மற்றவருக்குப் பாணியாகும்போது நிகழும் இழப்பு இது. கைவினை இலச்சினைக்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை வேறில்லை.

7. கருவியும் கோடும்

கருவியே கோட்டின் தன்மையை வகுக்கிறது. எழுத்தாணியால் ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி இடப்படாமலும், ரகரமும் காலும் வேறுபாடின்றியும் எழுதும் வழக்கம் இருந்தது. ஓலையின் நரம்பு வழியே நேர்க்கோடு கிழித்தால் ஓலை பிளவுபடும் என்பதால் எழுத்து வளைந்தது எனக் கூறுவர். டகரமும் பகரமும் தம் கிடைக்கோட்டை இழக்காமல் நிலைபெற்றதை நோக்க, அவ்விளக்கம் முழுமையானதன்று. எனினும் கருவிக்கும் வடிவிற்கும் உள்ள உறவை மறுக்க இயலாது. பெயர்ப்பலகை எழுதுவோரின் தட்டைத் தூரிகை, கோட்டைத் தொடக்கத்திலும் திருப்பத்திலும் வெவ்வேறு பருமனாக்கியது. நெகிழிப் பதாகை பரவியபின் அக்கை பெரும்பாலும் ஓய்ந்தது. அதனுடன் ஒவ்வோர் ஊருக்கும் இருந்த எழுத்துச் சாயலும் மங்கியது.

கைவினையின் மதிப்பு பொருளின் தோற்றத்தில் மட்டுமன்றிச் செய்முறையின் நேர்மையிலும் உள்ளது என்பது ஈழத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) வலியுறுத்திய கருத்து. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை 1908இல் அவர் இங்கிலாந்தில், வில்லியம் மோரிசின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திற்கு உரியதாக இருந்த கைப்பொறியில் அச்சிட்டு வெளியிட்டார். கைவினை பற்றிய நூல் கைவினையாகவே அமைய வேண்டும் என்னும் கொள்கை அதில் செயலாயிற்று. இலச்சினைக்கும் இதுவே அளவுகோலாதல் வேண்டும்.

பூத்தையல் செய்வோரின் கருவி ஊசி. அவர்தம் முதற்கோடு துணியின் மேல் தையற்கட்டியால் இடப்படுவது. ‘ஸ்கெலட்டன்’ என்னும் பெயரை அவர்கள் பேனாவைப் பிடித்து எழுதவேண்டியதில்லை. துணியில் எழுதித் தைத்துப் பார்த்தலே போதும். காம்புத் தையல் லகரத்தின் வளைவில் இயல்பாகத் திரும்பும். டகரத்தின் மூலையில் ஊசி நின்று திசை மாறவேண்டியிருப்பதால் கோணம் தெளிவாக அமையும். மேல்நோக்கி வழுவ இடமில்லை. ஸகரத்தின் நெருங்கிய வளைவுகள் சங்கிலித் தையலில் அடைபடக்கூடும். அங்கு வடிவம் சற்றே விரிய வேண்டும் என்பதைத் துணியே கற்பிக்கும். புள்ளி, முடிச்சுத் தையலாக ஒரே இடத்தில் திரண்டு நிற்கும். அது மறையாது, கையால் தடவினும் புலப்படும். முந்திய பகுதியில் கண்ட இடர்ப்பாடுகளுள் பெரும்பாலானவை, தொழிலின் கருவியிடம் எழுத்தை ஒப்படைத்த அளவிலேயே தீர்கின்றன. அவ்வாறு தைத்தவற்றுள் நன்கமைந்த ஒன்றை ஒளிப்படமாக்கி, ஒரே நிறத்தில் கோட்டுருவாகப் படியெடுத்தால் இலச்சினை உருவாகிவிடும். இருவர் மூவர் தைத்துப் பார்த்து, பெயரை அறியாத ஒருவரிடம் கட்டைவிரல் நக அளவில் காட்டிப் படிக்கச் சொல்லுதல் இறுதிச் சோதனை.

பழைய எழுத்துமுறையை நாடும் ஆர்வம் பற்றியும் ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். 1978ஆம் ஆண்டுத் தமிழக அரசாணையால் மாற்றப்பட்ட ணகர, லகர, ளகர, னகர ஐகாரங்களின் பழைய கொம்பு வடிவங்களைத் தொன்மைச் சுவைக்காக மீட்போர் உளர். முதியோரின் கையில் அவை இயல்பாக வருமாயின் அவ்வாறே கொள்ளலாம். இளையோர் அவற்றை வலிந்து வரைவது வேடமாகவே முடியும்.

8. கன்னட எழுத்தோடு இணைதல்

தங்கவயலில் வழங்கும் இலச்சினை தமிழ் எழுத்தில் மட்டும் நிற்க இயலாது. கருநாடகத்தில் 2024இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் வணிக நிலையப் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இடம்பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஆகவே பலகையில் தமிழ் வடிவம் கன்னட வடிவத்தின் அருகில் சிறியதாக அமையும்.

இரு எழுத்துகளும் உறவுடையன எனினும் வளரும் திசை வேறு. கன்னடத்தில் மெய்ம்மயக்கத்தின் இரண்டாம் மெய் அடியில் ஒத்தெழுத்தாகச் சேரும். சொல் கீழ்நோக்கி அடர்கிறது. தமிழில் ‘ஸ்கெ’ என்பது ஸகர ஒற்று, கொம்பு, ககரம் என வலப்புறம் நீள்கிறது. கன்னட எழுத்தின் தலைக்கட்டு அதற்கு ஒரு மேற்கோட்டைத் தருகிறது. தமிழ் எழுத்திற்கு அத்தகைய மேற்கோடு இல்லை. இரண்டிற்கும் ஒரே தோற்றம் வேண்டித் தமிழ் எழுத்தின் தலையில் கொக்கி சேர்ப்பதோ, கன்னடத்தின் தலைக்கட்டை நீக்குவதோ இரண்டையும் ஊனப்படுத்தும். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே தையல், ஒரே கை ஆகியவற்றால் இரண்டையும் தைத்தலே போதிய ஒற்றுமையைத் தரும். இரு மொழியும் அறிந்த அவ்வூர்க் கைகளுக்கு இது புதிய பயிற்சியன்று.

9. உரிமைப் பாதுகாப்பு

இந்திய வணிகக் குறிச் சட்டம் (1999, நடைமுறை 2003) குறி என்பதன் விளக்கத்தில் பெயர், எழுத்து ஆகியவற்றோடு கையொப்பத்தையும் சேர்த்துள்ளது. பொருள் தோன்றிய இடத்தைக் குறிக்கும் பெயர் மட்டுமே குறியாக அமைந்தால் பதிவு மறுக்கப்படுதற்கு இடமுண்டு என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. ‘ஸ்கெலட்டன்’ என்பதை அச்செழுத்தில் இட்டு அதன்மேல் தனியுரிமை கோருதல் எனவே எளிதன்று. ஊர்ப்பெயர் ஊரார் அனைவருக்கும் பொதுவாக இருத்தலே நீதியும் ஆகும். தைத்தெடுத்த தனி வடிவமும், அதனோடு சேரும் தொழிற்பெயரும் இலச்சினைக்கு வேறுபடுத்தும் தன்மையைத் தருவன. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குறியின் உருவம் 8 செ.மீ.க்கு 8 செ.மீ. என்னும் அளவிற்குள் அமைதல் வேண்டும். தமிழ், கன்னட எழுத்துகளுக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இணைத்தல் வேண்டும். ஊர்ப்பெயரை அங்கு எலும்புக்கூடு என மொழிபெயர்க்காமல் இடப்பெயர் எனக் குறித்தல் கருதத்தக்கது. பதிவு 10 ஆண்டுகளுக்குரியது, புதுப்பிக்கத்தக்கது.

தைத்தவர் பலராயின், எவருடைய தையல் இலச்சினையாயிற்று, அதன் உரிமை எவருக்கு என்பதை எழுதிவைத்தல் நன்று. ஒருவர் கையைப் பலர் பெயரால் வழங்கும்போது பின்னாளில் பிணக்கு எழாமைக்கு அது துணையாகும்.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: கையெழுத்துப் பாங்கு என்பது எழுதியது, வரைந்தது, எழுத்துரு என மூவகைப்படும், அவற்றுள் எழுத்துரு தோற்றத்தைத் தரினும் சான்றைத் தருவதில்லை. ரோமன் எழுத்தின் கோத்தெழுதும் முறை தமிழ் எழுத்துகளின் வேறுபடுத்தும் உறுப்புகளைச் சிதைக்கிறது. இலச்சினையின் கோடு அத்தொழிலின் கருவியிலிருந்தே பிறக்கும்போது வாசிப்புத் தெளிவும் கையின் சான்றும் ஒருங்கே அமைகின்றன. இடப்பெயரை இலச்சினையில் ஏற்றும்போது அங்கு வாழ்வோர் அதனை வழங்கும் பொருளே முதன்மை பெறுதல் வேண்டும்.

தங்கவயலின் தொழிலாளர் தம் பாட்டன் பாட்டியர் காலத்தில் விரல் ரேகை தர மறுத்தனர். அவர்தம் வழிவந்தோர் ஊசியும் நூலும் கொண்டு தம் ஊர்ப்பெயரைத் தைத்துப் பொருளோடு அனுப்புவாராயின், அங்குக் கை தன் அடையாளத்தைத் தானே விரும்பி அளிக்கிறது. அவ்வடையாளத்தைக் கடன்பெற்ற கையெழுத்தால் நிரப்பாதிருத்தல் வடிவமைப்பாளரின் முதற் கடமையாகும்.